பசியாறிட்டியா என்று கேட்காத அம்மாக்கள்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை இரவு, கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, திரையில் தெரிந்த பெண்ணைக் காட்டி, "இவ எந்த ஊர்க்காரி?" என்று கேட்டார். ஓடிக்கொண்டிருந்தது நம் மலேசியாவில், நம் கலைஞர்கள் நடித்து எடுத்த தொடர். கதைப்படி அந்தப் பெண் கிள்ளானில் கார் பட்டறை வைத்திருப்பவரின் மனைவி. காலையில் வேலைக்குக் கிளம்பும் மகனிடம் அவர், "டிபன் சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "கிள்ளான்ல எந்த அம்மா இப்படிக் கேப்பா? பசியாறிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையா இவளுக்கு?" என்றார்.

அம்மாவுக்கு வயது 78. சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்து வீட்டில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் பிறந்து, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, பால் மரம் வெட்டி வளர்ந்தவர். மலேசியத் தமிழரிடையே காலையில் உண்பதற்குப் பெயர் பசியாறுவது, உறவினரோ தெருவில் எதிர்ப்படுகிறவரோ, யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது "பசியாறியாச்சா?" என்பதுதான். தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள் இந்தச் சொல்லைக் கேட்டு, இவ்வளவு அழகான தமிழை நீங்கள் இன்னும் பேசுகிறீர்களா என்று வியந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். நாம் அன்றாடம் புழங்கும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, சென்னைத் தொடர்களின் சமையலறையிலிருந்து 'டிபன்' என்பதை இரவல் வாங்கி, கிள்ளான் தாயின் வாயில் வைத்திருக்கிறார்கள். அன்றிரவு முழுவதும் நான் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பழக்கம் திடீரென்று வந்ததன்று. நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28. அதற்கு வெகு முன்பே, 1946இல் தொடங்கிய மலாயா வானொலியில் தமிழ் ஒலித்தது. தொலைக்காட்சி நாடகங்களின் தொடக்க காலத்து நடிகர்கள் பலர் வானொலி நாடகத்திலும் கோயில் திருவிழா மேடைகளிலும் பழகியவர்கள். வானொலி அறிவிப்பாளரின் தமிழ் பிசிறில்லாத தமிழ். 'ழ'கரம் பிறழாமல் பேசுவது அங்கே ஒரு தவம். அந்தத் தவத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அந்தக் குரல்களைக் கேட்டுத்தான் என் தலைமுறைக்குச் செய்யுளும் செய்தியும் இனித்தன. ஆனால் அதே குரல் நாடகத்துக்குள்ளும் புகுந்தபோது, லாரி ஓட்டுநரும் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரும் மீன்கடைக்காரரும் செய்தி வாசிப்பவரைப்போலப் பேசத் தொடங்கினார்கள். "என்னை மன்னித்துவிடு மகளே" என்று ஒரு பால்மரத் தொழிலாளி சொல்வதை எங்கள் வீட்டில் எல்லாரும் அமைதியாகக் கேட்போம், பாட்டி மட்டும், "நம்ம மண்டோரு இப்படியா பேசுவாரு?" என்பார்.

பிறகு 1996இல் ஆஸ்ட்ரோ என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. அதன் தமிழ் அலைவரிசையான வானவில் வந்தது. சன் தொலைக்காட்சியும் வீட்டுக்குள் வந்தது. 1999இன் இறுதியில் தொடங்கிய ராதிகாவின் 'சித்தி' போன்ற தொடர்கள், இங்கே மாலைப் பொழுதின் ஒழுங்கையே மாற்றின. பத்துமலையிலிருந்து பினாங்குவரை சமையல் நேரத்தைத் தொடரின் நேரத்துக்கு ஏற்றபடி திருத்தி வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். அந்தத் தொடர்களைக் குறைசொல்வது என் நோக்கமன்று. அவை அவர்கள் ஊரின் கதையை, அவர்கள் ஊரின் பேச்சில் சொன்னவை. மக்கள் விரும்பிப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. எனக்குள்ள வருத்தம் நம் தயாரிப்புகள் அவற்றிலிருந்து எதைக் கற்றுக்கொண்டன என்பதில்தான். நூற்றுக்கணக்கான அத்தியாயங்களில் ஒரு பாத்திரத்தை நிதானமாக வளர்க்கும் கலையை நாம் கற்றிருக்கலாம். நம் தொடர்களோ பெரும்பாலும் சில பத்து அத்தியாயங்களில் முடிந்துவிடுபவை, அதற்கு இடமில்லை. எடுத்துக்கொண்டது புறத்தோற்றத்தை. வளைந்த மாடிப்படி வைத்த வீடு, வீட்டுக்குள்ளேயே பட்டுச்சேலை, அதிர்ச்சிச் செய்தி வந்தால் ஒரே முகத்தை மூன்றுமுறை காட்டும் படப்பிடிப்பு, இவற்றோடு சென்னை வட்டாரப் பேச்சு.

இங்கே நடிக்கும் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். பல ஆண்டுகளாகச் சிறு பாத்திரங்களில் வருபவர். அவர் சொன்ன காரணத்தைக் கேட்டு மனம் கனத்தது. படப்பிடிப்பில் அவர் இயல்பாக "சடக்குல நிக்காத, காடி வருது" என்று பேசியபோது, அதை மாற்றி "ரோட்டுல நிக்காத, கார் வருது" என்று சொல்லச் சொன்னார்களாம். தமிழ்நாட்டிலும் இணையத்தில் பார்ப்பார்கள், அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நம் வீட்டு வாசலில் நடக்கும் கதையில், ஆயிரம் மைலுக்கும் மேல் தள்ளியிருக்கும், இன்னும் வந்து சேராத ஒரு பார்வையாளருக்காக, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் பார்வையாளரின் சொல்லை நீக்கியிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு தவறு என்பதற்குச் சான்று நம் கைவசமே உண்டு. 2006இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்ஸி ஜெஸ் ஆகியோர் 'யோகி பி & நட்சத்திரா' என்ற பெயரில் வெளியிட்ட 'வல்லவன்' இசைத்தொகுப்பை எடுத்துக்கொள்வோம். தமிழ் ராப் என்ற ஒன்றைத் தமிழ்நாட்டு இளைஞர்கள் தங்கள் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு திரிந்ததற்கு அந்தத் தொகுப்பு பெரிய காரணம். அவர்கள் சென்னைக்குரலை இரவல் வாங்கவில்லை; கோலாலம்பூர்த் தெருக்களில் வளர்ந்த உச்சரிப்பையும் துள்ளலையும் மாற்றாமல் கொண்டுபோனார்கள். சென்னைத் திரையுலகம் அந்தக் குரலைத் தேடி வந்தது. 'ஆடுகளம்' படத்திலும் பின்னர் 'விவேகம்' படத்திலும் யோகி பியின் குரலைக் கேட்டபோது, அது எங்கள் ஊர்க்குரல் என்று ஒரு நொடியில் தெரிந்தது. வேறு யாருடைய குரலைப்போலவும் இல்லாததால்தான் அதைத் தேடினார்கள்.

திரைப்படத்தில் 'ஜகாட்' இருக்கிறது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் திரைக்கு வந்த படம். அதன் பெயரே நம் பேச்சிலிருந்து எடுத்தது: தீயது, கெட்டது என்ற பொருளுள்ள 'ஜாஹாட்' என்னும் மலாய்ச் சொல், தமிழ் நாக்கில் பழகிப் பழகி 'ஜகாட்' ஆனது. சேட்டை செய்யும் பிள்ளையை "ரொம்ப ஜகாட்டு" என்று திட்டாத மலேசியத் தமிழ் வீடு அரிது. தோட்டத்தை விட்டு வெளியேறி நகரத்து ஓரத்தில் வந்து ஒதுங்கிய குடும்பங்களையும், குண்டர் கும்பலின் நிழலில் வளரும் சிறுவனையும் காட்டும் அந்தப் படத்தில், யாரும் பாடநூல் தமிழ் பேசவில்லை; சென்னைத் தமிழும் பேசவில்லை. அந்தச் சிறுவன் வாயைத் திறந்ததுமே திரையரங்கில் என் பக்கத்தில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

2016இல் நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியான மலாயில் எடுக்கப்படாத படங்களை முதன்மை விருதுகளிலிருந்து விலக்கித் தனிப்பிரிவில் வைக்கும் ஏற்பாட்டை எதிர்த்து, மலாய்க் கலைஞர்கள் உட்படத் திரைத்துறையினர் பலர் குரல் எழுப்பியதும், ஏற்பாடு மாற்றப்பட்டதும், சிறந்த மலேசியத் திரைப்படமாக 'ஜகாட்' தேர்வு பெற்றதும் நம் கலை வரலாற்றில் மறக்கக்கூடாத நிகழ்ச்சிகள். இந்த நாட்டுத் தமிழரின் வழக்கைப் பேசியதனாலேயே அந்தப் படம் மலேசியப் படம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே 2016இல் வெளிவந்த ரஜினிகாந்தின் 'கபாலி' நம் மண்ணையும் தோட்ட வரலாற்றையும் உலகம் முழுவதற்கும் எடுத்துச் சென்றது. நானும் முதல் நாளே போய்ப் பார்த்துப் பெருமைப்பட்டேன். மலேசியத் திரையரங்குகளில் ஓடிய பிரதியின் முடிவில், கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்ற வரி சேர்க்கப்பட்டிருந்தது நினைவிருக்கும். ஆனால் என் அம்மா பேசுவதைப்போல யாராவது பேசுகிறார்களா என்று தேடிப்போன எனக்கு, 'ஜகாட்' தந்த நிறைவு அதில் கிடைக்கவில்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமா இதில் எனக்கு எதிர்க்கட்சி. மலாயும் சீனமும் கலந்த பேச்சைத் தொலைக்காட்சியில் போட்டால் பிள்ளைகளின் தமிழ் கெடும் என்பது அவர் வாதம். 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளை இந்த நாட்டில் போராடிக் காத்துவரும் சமுதாயத்தில், அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். செய்தியும் அறிவிப்பும் இலக்கிய நிகழ்ச்சியும் செம்மையான தமிழில்தான் இருக்க வேண்டும். ஆனால் நாடகம் என்பது ஒரு மனிதர் எப்படி வாழ்கிறார் என்று காட்டுவது. மளிகைக்கடைச் சீனரைத் 'தவுக்கே' என்று அழைக்கும் மனிதர், நாடகத்தில் மட்டும் 'முதலாளி அவர்களே' என்றால், அவர் வாழ்க்கையில் பக்கத்துக் கடைச் சீனரே இல்லாமல் போகிறார். 'சடக்கு', காற்சட்டையைக் குறிக்கும் 'சிலுவார்', ரப்பரைக் குறிக்கும் 'கித்தா' என்ற ஒவ்வொரு சொல்லிலும், இந்த மண்ணில் யாரோடு சேர்ந்து வாழ்ந்தோம், என்ன வேலை செய்தோம் என்பது இருக்கிறது. மேலும் மாமா அஞ்சும் கலப்பு நின்றபாடில்லை. சடக்குக்குப் பதில் ரோடு, பசியாறலுக்குப் பதில் டிபன். எடுத்ததும் கலப்பு, வைத்ததும் கலப்பு. நடுவில் தொலைந்தது நம்முடையது.

இந்தப் பேச்சுச் சிக்கலோடு ஒட்டிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் நாட்டுத் தமிழ்க் கலையுலகச் செய்தி என்று கைப்பேசியில் வருவதைப் பாருங்கள். சென்னை நடிகருக்குத் திருமணம், சென்னை நடிகைக்கு மணமுறிவு, சென்னைப் படத்தின் வசூல். 2018 ஜனவரி 6 அன்று புக்கிட் ஜாலில் அரங்கில், தென்னிந்திய நடிகர் சங்கக் கட்டடத்துக்கு நிதி திரட்ட நட்சத்திர விழா நடந்தபோது, ரஜினிகாந்தும் கமல்ஹாசனும் வந்திருந்த அந்த விழாவைப் பற்றி வாரக்கணக்கில் படித்தோம், பேசினோம். வந்த விருந்தினரைக் கொண்டாடுவது நம் பண்பு, அதில் குறையில்லை. ஆனால் உள்ளூர்க் கலைஞர் ஒருவர் எத்தனை தொடரில் நடித்தார், எந்தப் பாத்திரத்தை எப்படிச் செய்தார் என்ற விவரங்களை, அவருடைய இரங்கல் செய்தியில்தான் நான் முதன்முதலாகப் படிக்கிறேன் என்பது எவ்வளவு பெரிய அநீதி! உயிரோடிருக்கும்போது அவர் செய்தியாவது ஏதேனும் வம்பு கிளம்பினால் மட்டும். நேற்றைய அத்தியாயத்தில் அந்தக் காட்சியை அவர் நன்றாகச் செய்தார், அல்லது அந்த இடத்தில் தவறினார் என்று யாரும் எழுதுவதில்லை. எழுதினால்தான் "சடக்கு" என்ற சொல்லை மாற்றச் சொல்லும்போது, வேண்டாம் என்று மறுக்கும் துணிவு அந்த நடிகருக்கு வரும். நானும் இத்தனை ஆண்டு எழுதவில்லை. இனி பார்க்கும் ஒவ்வொரு உள்ளூர்த் தொடரைப் பற்றியும் இங்கே எழுதுவேன்.

முதல் குறிப்பை இப்போதே எழுதிவிடுகிறேன். அம்மா கோபித்துக்கொண்ட அதே தொடரில், இரண்டு வாரம் கழித்து ஒரு பாட்டி வந்தார். மொத்தம் இரண்டு காட்சிகள். பேரன் பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்து நிற்க, அந்தப் பாட்டி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கீரை ஆய்ந்துகொண்டே, "சிலுவார மாத்திட்டு வாடா, பசியாறாம எங்க சுத்திட்டு வர்ற?" என்றார். எழுதிக்கொடுத்த வசனமா, அவரே சேர்த்துக்கொண்டதா, தெரியாது. அம்மா கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "இவ நம்ம ஆளு. பேரு என்ன?" என்று கேட்டார். தொடர் முடிந்ததும் பெயர்கள் ஓடின. எறும்பளவு எழுத்தில், படிக்க முடியாத வேகத்தில், அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரத்துக்கு அடியில் ஓடி மறைந்தன.

அடுத்த வாரம் கைப்பேசியைத் தயாராக வைத்திருந்து, பெயர்கள் ஓடியபோது வரிசையாகப் படமெடுத்தேன். ஏழாவது படத்தில் கிடைத்தது. அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, எழுத்துக் கூட்டிப் படித்து, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அந்தத் திங்கட்கிழமைக்கு நேரே பென்சிலால் அந்தப் பெயரை எழுதிவைத்தார்.