கிரிப் கடிக்குது, அண்ணா

எங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு சின்ன அறை இருக்கிறது. ஒரு மரமேஜை, ஒரு வைஸ், ஆணியில் மாட்டிய அரங்கள், தட்டில் நம்பர் வாரியாக அடுக்கிய உப்புத்தாள். பதினாறு வருடமாக என் வேலை அங்கேதான். ஷூட்டர்களின் பிஸ்டலைத் துடைத்து எண்ணெய் போடுவது, ஸ்பிரிங் பார்ப்பது, குறிபார்க்கிற சைட்டைச் சரிசெய்வது எல்லாம் செய்வேன். ஆனால் என் நேரத்தில் முக்கால்வாசி கிரிப்புக்கே போகிறது. கைப்பிடி என்று எழுதலாம்தான். ரேஞ்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

என் மேஜைக்கு அதிகம் வருவது 25 மீட்டர் போட்டிக்கான .22 செமி ஆட்டோமேட்டிக். மேகசினில் 5 தோட்டா. ஒன்று வெடித்ததும் அந்த வேகத்திலேயே போல்ட் பின்னால் போய், காலி கேஸைத் தள்ளிவிட்டு, அடுத்ததை ஏற்றிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். சுடுவதற்கு ஒவ்வொரு முறையும் டிரிகரை இழுத்தாக வேண்டும். பெண்களுக்கான போட்டியில் முதல் 30 ஷாட் நிதானமாகச் சுடலாம், ஐந்து ஷாட்டுக்கு 5 நிமிடம். அடுத்த 30 ஷாட்டில்தான் சோதனை. கையை 45 டிகிரி தாழ்த்தி வைத்துக் காத்திருக்க வேண்டும். டார்கெட் 3 விநாடி தெரியும். அதற்குள் கையை உயர்த்தி, சைட்டைப் பார்த்து, ஒரு ஷாட். பிறகு 7 விநாடி இடைவெளி. ஐந்து ஐந்து ஷாட்டாக இப்படியே. நடுவில் பிடியை மாற்றிக்கொள்ள நேரம் கிடையாது. முதல் ஷாட்டில் கை எப்படி உட்கார்ந்திருக்கிறதோ அப்படியேதான் ஐந்தாவது வரைக்கும் போக வேண்டும்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் ராணுவத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கிற இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக, அதாவது ஆயுதம் பழுதுபார்ப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவர். ராணுவத்தில் பயிற்சி கொடுப்பவரை உஸ்தாத் என்பார்கள். நாங்களும் அவரை உஸ்தாத் என்றே கூப்பிடுவோம். அவருடைய வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், அந்த மெல்லிய தோலில், அரிசி நீளத்துக்கு ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 9 எம்.எம். பிஸ்டல் கொடுத்தது. அது பிரௌனிங் ஹைபவரின் வார்ப்பு. ஜான் பிரௌனிங் தொடங்கி, 1926-இல் அவர் இறந்த பிறகு பெல்ஜியத்தில் டியூடொனே சைவ் முடித்து, 1935-இல் வெளிவந்த வடிவம். 13 தோட்டா பிடிக்கும், கைக்கு நன்றாக உட்காரும். ஆனால் சதைப்பிடிப்பான கை என்றால் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் வரும்போது, தோட்டாவை வெடிக்க வைக்கிற சுத்தியலான ஹாமர் அந்தத் தோலைக் கிள்ளிவிடும்.

“அப்போ கிரிப்பை மாத்தியிருக்கலாமே, உஸ்தாத்?” என்று ஒருமுறை கேட்டேன். “தம்பி, கோத்துல இன்னிக்கு ஒண்ணு குடுப்பான், நாளைக்கு வேற ஒண்ணு குடுப்பான். அங்க என் பிஸ்டல்னு ஒண்ணு கிடையாது. கைதான் பழகிக்கணும்” என்றார். கோத் என்றால் ராணுவத்தின் ஆயுத அறை.

படைக்கு அது சரி. ஆயிரம் பேருக்கு ஒரே அச்சில் கொடுக்க வேண்டும். அப்படியும் கை சொன்னதை அமெரிக்க ராணுவம் ஒருமுறை காதில் வாங்கியிருக்கிறது. 1911-இல் ஏற்ற .45 பிஸ்டலை முதல் உலகப்போர் அனுபவத்துக்குப் பிறகு 1920-களில் திருத்தினார்கள். டிரிகரைக் குட்டையாக்கினார்கள், டிரிகருக்குப் பின்னால் விரல் படுகிற இடத்தில் இரும்பைக் கொஞ்சம் குடைந்தார்கள், ஹாமர் கடிக்காமல் இருக்கப் பின்னால் இருந்த வாலை நீட்டினார்கள், கிரிப்பின் பின்பக்கத்தை வளைத்தார்கள். 1911ஏ1 என்பது அதுதான். இயந்திரத்தின் உள்ளே பெரிதாக எதையும் தொடவில்லை. மாற்றியதெல்லாம் கை படுகிற இடங்களை. அந்தப் பட்டியலைப் படித்த அன்றைக்கு எனக்குப் பெரிய சந்தோஷம். என் சின்ன அறையில் நான் செய்கிற வேலையும் அதே வேலைதானே.

இதையும் சொல்லிவிடுகிறேன். எதையும் எப்படியும் மாற்றலாம் என்பதில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே உரிமம் வேண்டும். பேரலைக் குறுக்குவது போன்ற வேலைகள் தனிக் குற்றம். போட்டி விதிகளும் கறார். பிஸ்டல் முழுவதும் 300-க்கு 150-க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை 1400 கிராமைத் தாண்டக்கூடாது. கிரிப்பின் எந்தப் பகுதியும் மணிக்கட்டுக்குத் தாங்கலாகிவிடக் கூடாது. 2016-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லாமல் போன 50 மீட்டர் பிஸ்டலில் கையுறை மாதிரி கையைச் சுற்றி மூடுகிற கிரிப் வைத்துக்கொள்ளலாம். இதில் அது நடக்காது. ஆக, எனக்கு விட்டிருப்பது சில மில்லிமீட்டர் மரம், டிரிகரின் இடம், சைட்டின் அகலம், முன்னால் மாட்டுகிற சின்னச் சின்ன எடைகள். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில மில்லிமீட்டரில் எவ்வளவோ இருக்கிறது.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் வந்தாள். பதினேழு வயது, தென்காசிப் பக்கம். ஏர் பிஸ்டலில் நல்ல ஸ்கோர் அடித்துவிட்டு .22-க்கு மாறியிருந்தாள். நிதானச் சுற்று நன்றாகப் போகும். வேகச் சுற்றில் முதல் இரண்டு ஷாட் நடுவில் விழும், மூன்றாவதிலிருந்து இடப்பக்கம் ஒதுங்கும். “அண்ணா, கிரிப் கடிக்குது” என்று நடுவிரலைக் காட்டினாள். டிரிகரைச் சுற்றியிருக்கிற வளையமான டிரிகர் கார்டின் அடிப்பக்கம் உரசுகிற கணுவில் தோல் சிவந்து தடித்திருந்தது.

நான் கணுவைப் பார்த்தேனே தவிர முழுக் கையைப் பார்க்கவில்லை. கார்டுக்குக் கீழே கொஞ்சம் மரத்தைக் குடைந்தேன். உள்ளங்கைக்கும் கிரிப்புக்கும் நடுவில் இடைவெளி தெரிந்ததால் அதைப் புட்டி வைத்து நிரப்பினேன். கையும் மரமும் முழுக்க ஒட்டினால்தான் நல்ல கிரிப் என்று அப்போது நம்பியிருந்தேன். அவள் இரண்டு நாள் சுட்டுப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, “அண்ணா, முன்னாடி இருந்ததே பரவாயில்லை” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பெரிய ஷூட்டர்கள் எல்லாரும் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள், பழகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பழகவில்லை. ஒரு மாதம் கழித்து ஸ்கோர் இன்னும் இறங்கியது. அதன் பிறகுதான் உஸ்தாத் முன்பு செய்து காட்டியதைச் செய்தேன். சாக்பீஸை நொறுக்கி, அந்தப் பொடியை அவள் உள்ளங்கையில் தடவி, காலி பிஸ்டலைப் பிடிக்கச் சொன்னேன். ஐந்து முறை தூக்கி இறக்கச் சொல்லி, கையை எடுத்ததும் கிரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். எங்கே வெள்ளை படிந்திருக்கிறதோ அங்கே கை அழுத்துகிறது. கட்டைவிரலின் அடிக்கணு படுகிற இடத்தில் மாவு பூசியது போல் அப்பியிருந்தது. ஹாமருக்குக் கீழே, விரலிடுக்கு போய் உட்கார வேண்டிய வளைவில் ஒரு துகள்கூட இல்லை.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவளுடைய விரல் குட்டை. டிரிகர் அவளுக்கு எட்டவில்லை. எட்டுவதற்காகக் கையையே கிரிப்பைச் சுற்றி வலப்பக்கமாக நகர்த்திப் பிடித்திருக்கிறாள். முழங்கை, மணிக்கட்டு, பேரல் மூன்றும் ஒரே கோட்டில் இல்லை. ஒவ்வொரு ஷாட்டின் உதையும் விரலிடுக்கில் போய் அடங்காமல் கட்டைவிரல் கணுவில் இடிக்கிறது. இடிக்க இடிக்கப் பிடி நகர்கிறது. விரல் நுனி மட்டும் டிரிகரில் படுவதால் அதுவும் இடப்பக்கம் தள்ளுகிறது. நடுவிரல் சிவந்ததும் இதனால்தான். நான் வைத்த புட்டி கையை இன்னும் வெளியே தள்ளியிருக்கிறது.

டிரிகரை அதன் தண்டவாளத்தில் 4 மில்லிமீட்டர் பின்னால் கொண்டுவந்தேன். வலப்பக்கம் ஆள்காட்டி விரலின் அடி தவழ்கிற இடத்தில் மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழைத்தேன். மூன்று இழைப்புக்கு ஒருமுறை அவள் பிடித்துப் பார்ப்பாள். கண்ணை மூடிக் கையை உயர்த்தி, பிறகு கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். ஃபிரண்ட் சைட் ரியர் சைட்டின் பள்ளத்தில் நடுவில் நிற்கிறதா? முதலில் இடது சுவரில் ஒட்டியிருந்தது. இழைக்க இழைக்க நகர்ந்து வந்தது. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில், “அண்ணா, நடுவுல நிக்குது. நான் ஒண்ணும் பண்ணலை, அதுவா நிக்குது” என்றாள். அதுவா நிக்குது! இந்த வேலையில் நான் காத்திருப்பது அந்த வார்த்தைக்குத்தான்.

உள்ளங்கைப் பள்ளத்தை மட்டும் நிரப்ப விடவில்லை. அங்கே காற்று இருந்தால்தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்று தனக்குத் தெரிகிறது என்றாள். புட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த விதிக்கு அது எதிர்தான். ஆனால் பிடிக்கிறவள் அவள்.

எல்லா விருப்பத்துக்கும் தலையாட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். டிரிகர் எடையில், அதாவது அதை இழுக்கத் தேவையான பலத்தில், நான் பிடிவாதக்காரன். விதிப்படி குறைந்தது 1000 கிராம். போட்டிக்கு முன் எடைக்கட்டியை டிரிகரில் மாட்டி, பேரலைச் செங்குத்தாக வைத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். 1001-இல் வைத்துக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நான் 1020-க்குக் கீழே வைப்பதில்லை. தூசி, எண்ணெய், வெயில் என்று எதனாலும் பத்துக் கிராம் மாறும். அந்த 1000-ஐ எப்படிப் பங்கு போடுவது என்பதில் மட்டும் ஷூட்டர் சொல்வதுதான். முதல் இழுப்பில் 700 போய் கடைசியில் 300 மிச்சம் இருந்தால் சிலருக்குப் பிடிக்கும். நிற்கிற இடமே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போனால் சிலருக்குப் பிடிக்கும். இரண்டிலும் மெடல் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பிடிவாதம், போட்டிக்கு இரண்டு வாரம் முன்பிருந்து அரத்தைத் தொடமாட்டேன். ஆரம்பத்தில் ஒரு பையன் மாநிலப் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அழாத குறையாகக் கேட்டான் என்று, கையின் அடிப்பக்கத்தைத் தாங்குகிற உள்ளங்கைத் தாங்கலை இழைத்துக் கொடுத்தேன். கிரிப்பில் குறையே இல்லை. பயம்தான் அவன் கையில் இருந்தது. புது வளைவுக்குக் கை பழகுவதற்குள் போட்டி முடிந்துவிட்டது. இழைத்த மரம் திரும்ப வராது. புட்டி வைத்தாலும் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். அந்த வருடம் அவனுக்கு அதோடு போயிற்று. இப்போது யாராவது கடைசி நேரத்தில் வந்து நின்றால் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, பிஸ்டலைத் துடைத்து மட்டும் அனுப்புகிறேன்.

அந்தப் பெண் டிசம்பரில் டெல்லிக்குப் போனாள். 1982 ஆசிய விளையாட்டுக்காகத் துக்ளகாபாத்தில் கட்டிய ரேஞ்ச். காலையில் போன் வந்தது. “அண்ணா, கிரிப் பெரிசாயிடுச்சு.” குளிரில் கை சுருங்கும், இங்கே மே மாதம் வீங்குகிற மாதிரி. இதை எதிர்பார்த்துத் தாங்கலின் திருகுக்கான எல்-கீயைப் பெட்டியிலேயே வைத்து அனுப்பியிருந்தேன். “அரைச் சுற்று மேல ஏத்தும்மா. அதுக்கு மேல வேண்டாம்.” வேகச் சுற்றில் அன்று அவள் அடித்தது அதுவரையிலான அவளுடைய அதிகபட்சம்.

போன மாதம் உஸ்தாத் ரேஞ்சுக்கு வந்திருந்தார். எண்பதை நெருங்குகிறார். சுத்தம் செய்ய வந்திருந்த அவளுடைய பிஸ்டல் மேஜையில் இருந்தது. எடுத்தவுடன் மேகசினைக் கழற்றினார், துப்பாக்கி காலி என்று காட்டுகிற ஆரஞ்சு நிறச் சேஃப்டி ஃபிளாக்கை உருவினார், போல்ட்டைப் பின்னால் இழுத்து, தோட்டா உட்காருகிற சேம்பரைப் பார்த்தார். இரண்டாவது முறையும் பார்த்தார். பிறகு வலது கையால் பிடித்தார். தழும்பு இருக்கிற இடம் வளைவுக்கு வெளியே நின்றது. கட்டைவிரல் முட்டியது. உள்ளங்கைப் பள்ளத்தில் அவருடைய சதை போய் அடைத்துக்கொண்டது. இரண்டு மூன்று விதமாகப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் விரல்களைப் பிரித்துக்கொண்டு, “யார் கை இது?” என்று கேட்டார்.

சொன்னேன். ஜன்னல் பக்கம் திருப்பி, நான் இழைத்த வலப்பக்கத்தைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார். ஃபிளாக்கைத் திரும்பச் சேம்பரில் செருகி, பேரலைச் சுவர்ப்பக்கம் பார்க்க வைத்து, மேஜையில் மெதுவாக இறக்கினார்.