‘அது வேற, அக்கா’

கிரைண்டரை நிறுத்திவிட்டுத்தான் அவர் அதைக் கேட்டார். ஓடுகிற கிரைண்டரை இட்லிக்கடை அக்கா யாருக்காகவும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. போன் வந்தாலும், தண்டல்காரர் வாசலில் வந்து நின்றாலும், மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டேதான் பேசுவார். அன்று நிறுத்தினார். விரல்களில் ஒட்டியிருந்த மாவைப் பாத்திரத்தில் வழித்துவிட்டு, காலடியில் சிந்தியதை நக்கிக்கொண்டிருந்த பொடி என்கிற நாய்க்குட்டியைப் பார்த்தபடியே கேட்டார்: “ஒரு நாயிக்கு எடம் பத்தலன்றியே பாப்பா. நாளிக்கு நாலு குட்டி எடுத்துகினு வருவியே, அதுக்கு மட்டும் எடம் எங்கேர்ந்து வரும்?”

“அது வேற, அக்கா” என்றேன்.

அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. கிரைண்டர் மறுபடி ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் பேச முடியாது என்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பொடி பெரம்பூருக்குப் போய்விட்டது. இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பொடி நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொண்டவர்கள் நல்லவர்கள், என் முடிவால் யாருக்கும் கேடு வந்துவிடவில்லை. இருந்தும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சரக்கு ரயிலுக்காகக் காத்து நிற்கும்போதெல்லாம், ‘எது வேற?’ என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு பதில் கிடைக்கிறது. கேட் திறப்பதற்குள் அது போதாது என்றும் தெரிந்துவிடுகிறது.

எங்கள் மீட்புக் குழுவில் சம்பளம் வாங்குகிறவர்கள் இரண்டே பேர். அவர்களில் நான் ஒருத்தி. ஃபாஸ்டர் வீடு, அதாவது தத்துப் போகும்வரை குட்டியை வைத்து வளர்த்துத்தரும் வீடு பிடிப்பதும் தத்துக்கு ஆள் பிடிப்பதும் என் வேலை. நாள் முழுக்க நாயைக் கொஞ்சிக்கொண்டிருப்பேன் என்று என் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் இது போனிலும் ஆட்டோவிலும் நடக்கிற வேலை. காலை ஏழு மணிக்குள், எங்கள் தெருவில் நாய் குட்டி போட்டிருக்கிறது, வந்து எடுத்துப்போங்கள் என்று யாராவது நாலு பேர் சொல்லியிருப்பார்கள்; தாய் உயிரோடு இருக்கையில் குட்டியைப் பிரிக்கக் கூடாது என்பதை நாலு பேருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். எட்டு மணிக்கு வேப்பேரியில் ஓ.பி. சீட்டுக்கு நிற்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேலாகக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருப்பதால்தானோ என்னவோ, எங்கள் பக்கத்து ஆட்டோக்காரர்களிடம் வேப்பேரி என்று சொன்னாலே போதும், கூடையில் என்ன என்று கேட்காமல் சீட்டின் மேல் ஒரு கோணியை விரித்துவிடுவார்கள். மதியம் பூச்சி மருந்துக்கும் தடுப்பூசிக்கும் யார் யாருக்கு நாள் வந்திருக்கிறது என்று போன் போட்டு நினைவூட்டுவதில் போகும், மாலை வீடு பார்க்கப் போவதில் போகும்.

இதிலெல்லாம் பழகிவிடலாம். கண் திறக்காத குட்டிகள் வந்து சேர்ந்தால்தான் கை ஓடாது, கால் ஓடாது. பிறந்து பத்துப் பதினான்கு நாள்வரை அதற்குக் கண் திறக்காது. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் முடியாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரி பகல் என்று பாராமல் பால் புகட்ட வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால், குப்புறப் படுக்கவைத்துத்தான் புகட்ட வேண்டும். குடித்து முடித்ததும், தாய் நக்கிவிடுவதைப் போல, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றிவிட்டால்தான் அதற்கு மூத்திரமே போகும். ஆபீஸுக்குப் போய் வருகிற எங்கள் தன்னார்வலர்களால் இதைச் செய்ய முடியவில்லை. இட்லிக்கடை அக்காவால் முடிந்தது. ராத்திரி பத்து மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்து அடுப்புப் பற்றவைக்கிற அவர், நடுவில் ஒரு தடவை எழுந்துகொள்வதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளில் கேட்டு வாங்கிய வெட்டுத்துணியை அட்டைப்பெட்டிக்குள் மெத்தைபோல் பரப்பி, அடுப்புச் சுவருக்கு மறுபக்கம் வைத்துவிடுவார். இட்லிச் சட்டியின் சூடு சுவர்வழியாகவே குட்டிகளுக்கு வந்து சேரும். பசும்பால் நாய்ப்பாலைவிட நீர்த்தது, அதைக் கொடுத்தால் குட்டி தேறாது என்று நான் ஒரு முறை சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு, பால் பவுடர் தீர்ந்துபோன நாளில் ஆடு வளர்க்கிறவர் வீட்டுக்கு அவரே டம்ளரோடு நடந்துபோய் ஆட்டுப்பால் வாங்கிவந்திருக்கிறார். பவுடர், ஊசி, மருந்து எல்லாம் எங்கள் செலவு. ராத்திரிக் கண்விழிப்பு அவருடையது. அதற்குச் சம்பளம் கிடையாது என்பதை நான் அப்போது ஒரு விஷயமாக யோசித்ததில்லை.

பொடி அவரிடம் வந்தது ஒரு கார்த்திகை மழையில். தாய் கண்டெய்னர் லாரியில் அடிபட்டுச் செத்திருந்தது. வியாசர்பாடியில் ஒரு மீன்பாடி வண்டிக்கு அடியில் நான்கு குட்டிகள் கிடந்தன. இரண்டு தேறவில்லை. தேறிய இரண்டில் ஆண் குட்டி எட்டாவது வாரமே தத்துப் போய்விட்டது. மிஞ்சியது கறுப்பு, நாட்டு நாய், பொட்டை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. “பொட்டையா? வேணாங்க” என்று போனை வைப்பவர்களிடம், ஆறு மாதமானால் நாங்களே கருத்தடை செய்துகொடுப்போம் என்று சொல்லி முடிப்பதற்குள் லைன் போயிருக்கும். அப்படிப் பதினான்கு வாரம் ஓடியது. இட்லியோடு வளர்ந்ததால் அக்கா அதற்குப் பொடி என்று பெயர் வைத்திருந்தார். மூன்று மணிக்கு அவர் எழுந்தால் அதுவும் எழுந்து, முதல் ஈடு இறங்கும்வரை அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்.

பெரம்பூரிலிருந்து ஒரு குடும்பம் கேட்டது அந்தச் சமயத்தில்தான். சொந்த வீடு, சுற்றுச்சுவர், பகல் முழுக்க வீட்டிலிருக்கும் ஓய்வுபெற்ற தம்பதி. கறுப்போ பொட்டையோ அவர்களுக்குப் பொருட்டில்லை. எங்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை வாய்த்தால் அதிகம் என்கிற விண்ணப்பம் அது. அதைச் சொல்லத்தான் அன்று மாலை போனேன். சொன்னதும் அக்கா, “இது இங்கயே இருக்கட்டுமே பாப்பா” என்றார். ஏதோ தண்ணீர்க் குடத்தைப் பற்றிச் சொல்வதைப் போல, அத்தனை சாதாரணமாகச் சொன்னார்.

நான் காரணங்களை அடுக்கினேன். ஒற்றை அறை, வாடகை வீடு, ஹவுஸ் ஓனர் என்றைக்கு வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம். இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழப்போகிற நாய் இது, வளர்ந்தபின் இந்த இடம் போதாது. வீட்டுக்குள் வேண்டாமென்றால் தெருவில் இருக்கட்டும், சோறு நான் போடுகிறேன் என்றார். அதுவும் நடக்காததல்ல, கருத்தடை செய்து, காதில் அடையாள வெட்டுப் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதானே தெருநாய்க்கான விதி, 2023இல் வந்த புதிய விதிகளிலும் அது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அட்டைப்பெட்டியில் வளர்ந்த குட்டிக்கு லாரியைப் பார்த்தால் ஒதுங்கத் தெரியாது, அதன் தாய் எப்படிச் செத்தது என்று நினைத்துப் பாருங்கள் என்றேன். அப்போதுதான் அவர் கிரைண்டரை நிறுத்தினார்.

நான் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் உண்மை. இப்போது கேட்டாலும் ஒன்றைக்கூட மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் அங்கே போனதற்கான காரணம் அவற்றில் இல்லை. பாட்டிலில் பால் புகட்டத் தெரிந்த வீடுகள் எங்களிடம் அப்போது இரண்டுதான். இன்னொரு வீட்டில் அதற்கு முந்தைய மாதம் பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்து மூன்று குட்டிகள் போயின. அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், பிளீச்சிங் போட்டு எத்தனை முறை கழுவினாலும் தடுப்பூசி போடாத குட்டியை அங்கே கொண்டுபோக முடியாது. மீதி இருந்தது அக்காவின் வீடு ஒன்றுதான். ஃபாஸ்டர் எடுத்தவரே நாயை வைத்துக்கொள்வதை எங்கள் வட்டாரத்தில் ‘ஃபாஸ்டர் ஃபெயில்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வோம். எனக்கு அது சிரிப்பாகத் தெரிந்ததில்லை. ஒரு நாய்க்கு வீடு கிடைத்து, பத்து நாய்க்கு வீடு போகும். பொடி அங்கே தங்கிவிட்டால், வளர்ந்த நாய் இருக்கும் ஒற்றை அறையில் அடுத்த பெட்டியை வைக்க முடியாது. அன்று காலைதான் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு போன் வந்திருந்தது. ஆக, அக்கா கேட்டதுதான் நடந்துகொண்டிருந்தது. அவர் நாளைக்கு என்று சொன்னதை நான் ஏற்கெனவே நோட்டில் எழுதிவைத்திருந்தேன்.

எனவே ‘அது வேற’ என்பது பொய்யில்லை என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். எட்டு வாரத்தில் வெளியேறப்போகிற குட்டிகளும், ஆயுளுக்கும் இருக்கப்போகிற நாயும் ஒரே அளவு இடத்தையா எடுத்துக்கொள்கின்றன? பொடி போன நான்காம் நாள் தண்டையார்பேட்டைக் குட்டிகள் வந்தன. அக்கா சொன்ன நான்கல்ல, ஐந்து. மூன்று பிழைத்தன. அவர் வீடு இல்லையென்றால் ஒன்றுகூடப் பிழைத்திருக்காது என்பதை நான் எந்தப் பஞ்சாயத்திலும் சொல்வேன். அந்த மூன்றையும் எடைக்கல்லாகப் போட்டால் தராசு என் பக்கம்தான் சாயும்.

ஆனால் ஒன்று. ‘அக்கா, உங்க கை எனக்கு வேணும், பொடியை வெச்சுக்கிட்டா அடுத்த குட்டிங்களை எங்கே கொண்டுபோறதுன்னு தெரியல’ என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவரே யோசித்து முடிவெடுத்திருப்பார். என் பக்கமே முடிவெடுத்திருக்கவும் கூடும். அந்த வாய்ப்பைக் கொடுக்காமல், அவருடைய வீட்டின் அளவைக் காரணமாகச் சொன்னேன். பதினான்கு வாரமாகப் போதுமாக இருந்த அறை, பெரம்பூர் விண்ணப்பம் வந்த அன்று போதாமல் போனது. வாடகைக்கு இருப்பவரிடம், ஒற்றை அறையில் இருப்பவரிடம், உங்கள் இடம் போதாது என்று சொல்வது எத்தனை சுலபம் என்பதையும், திருப்பிப் பேச அவரிடம் எதுவும் இருக்காது என்பதையும் தெரிந்தேதான் அந்தக் காரணத்தை எடுத்தேனோ என்று சில நாள் தோன்றுகிறது. இல்லை, அந்த அவசரத்தில் அவ்வளவு யோசிக்கிறவள் நானில்லை என்றும் தோன்றுகிறது.

பொடியை அனுப்பிவைத்த அன்று அக்கா அழவில்லை. ஒரு துணியை மடித்துப் பையில் வைத்து, அந்த அம்மாவிடம் ஒன்றுதான் சொன்னார்: “மூணு மணிக்கு எழுந்துக்கும். கத்தாது, சும்மா உக்காந்துக்கும். தொரத்திடாதீங்க.” அதேபோல்தான் நடந்தது. முதல் இரண்டு வாரம் பெரம்பூரிலிருந்து தினமும் போன்: மூன்று மணியானால் எழுந்து சமையலறை வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஏதாவது நோயா என்று. பழகிவிடும் என்றேன். மூன்றாவது வாரம் தண்டையார்பேட்டைக் குட்டிகளைப் பார்க்கப் போனபோது அக்கா கேட்டார், “மூணு மணிக்கு எழுந்துக்குதா?”

“இல்லக்கா, நல்லா தூங்குதாம்” என்றேன். அவர் மனம் ஆறட்டும் என்றுதான் சொன்னேன். “தூங்கட்டும்” என்று சொல்லிவிட்டு அவர் பஞ்சை எடுத்து வெந்நீரில் நனைத்தார். ஆட்டோவில் திரும்பி வரும்போதுதான், அவர் கேட்டது நாயின் தூக்கத்தைப் பற்றியல்ல என்று எனக்குப் புரிந்தது. தன்னை அது மறந்துவிட்டதா என்று கேட்டவரிடம், ஆமாம், மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அன்று அது பொய். பிறகு அதுவே உண்மையாகிவிட்டது. பொடி இப்போது ஏழு மணிவரை தூங்குகிறது, பெயரையும் மாற்றிவிட்டார்கள். எனவே திருத்திச் சொல்லவும் வழியில்லை.

அதற்குப் பிறகு வந்த எந்தக் குட்டிக்கும் அவர் பெயர் வைக்கவில்லை. கழுத்தில் நூல் கட்டி செவப்பு நூல், பச்ச நூல் என்கிறார். முன்பும் அடையாளத்துக்கு நூல் கட்டுவார்தான், ஆனால் ஒரு வாரத்தில் பெயர் வந்துவிடும். இது நல்லதுதான், பிரிவது சுலபம் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

போன ஆடியில் ஃபாஸ்டர் படிவத்தில் ஒரு வரியைச் சேர்த்தேன்: ‘இந்த விலங்கை நீங்களே வைத்துக்கொள்ள விருப்பமா?’ குழுவில் எதிர்ப்பு இருந்தது. அவர்கள் பயந்ததுபோலவே இரண்டு வீடுகள் ஆம் என்று எழுதின, நாய்களை வைத்துக்கொண்டன, அந்த மழைக்காலத்தில் எங்களுக்கு இரண்டு வீடுகள் குறைந்தன. அதனால் எத்தனை குட்டிகளைத் திருப்பியனுப்பினோம் என்ற கணக்கு என் நோட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது, அந்த வரியைச் சேர்த்தது யாருக்காக என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

இந்த முறை அக்காவிடம் மூன்று குட்டிகளைக் கொண்டுபோனபோது படிவத்தையும் கொண்டுபோனேன். அவருக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது, நான் படித்துக் கேட்டு எழுதிக்கொள்வதுதான் வழக்கம். அந்த வரி வந்தபோது சற்று நிறுத்தி, தெளிவாகப் படித்தேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. காதில் விழவில்லையோ என்று மறுபடியும் படித்தேன்.

“அதுக்கு நேரா நீயே ஒண்ணு எழுதிக்க பாப்பா” என்றார்.

அந்தக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை. பச்சை நூலுக்கு லேசாக வயிற்றுப்போக்கு இருந்தது, இப்போது சரியாகிவிட்டது. அடுத்த வாரம் மூன்றுக்கும் முதல் தடுப்பூசி.