பின் டயர்ல ஸ்க்ரூ: ஒட்டுறதா மாத்துறதா, நான் பண்ணிப் பார்த்தது

காலைல கார் ஸ்டார்ட் பண்ணதும் மஞ்சள் லைட் வந்துச்சு. டயர் பிரஷர் லைட். குளிர்ல சும்மாவே வரும்னு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டு கிளம்பிட்டேன், அதுதான் முதல் தப்பு. ராத்திரி வந்து கேஜ் வெச்சுப் பார்த்தா மத்த மூணும் 33, 34 பிஎஸ்ஐல (காத்தழுத்த அளவு) இருக்கு, வலது பின் டயர் மட்டும் 27. குளிருக்கு இறங்குறதுன்னா 10 டிகிரிக்கு சுமாரா 2 பிஎஸ்ஐ, அதுவும் நாலும் சேர்ந்துதான் இறங்கும். ஒண்ணு மட்டும் ஆறேழு இறங்கியிருக்குன்னா குளிர் மேல பழி போட முடியாது.

மறுநாள் காலைல 25. ஜாக்கி போட்டுத் தூக்கி, டார்ச் அடிச்சுக்கிட்டே சக்கரத்தைக் கையால மெதுவா சுத்தினேன். ரோட்டுல தேஞ்சு வெள்ளிக்காசு மாதிரி பளபளன்னு ஒரு ஸ்க்ரூ தலை, ரப்பரோட சமமா உக்காந்திருந்துச்சு. சோப்புத் தண்ணி தெளிச்சதும் ஓரமா ஒரு குட்டி முட்டை மெதுவா ஊதிச்சு, உடைஞ்சுது, திரும்ப ஊதிச்சு. கை அரிச்சுது புடுங்கணும்னு. புடுங்கலை. உள்ள இருக்கிற வரைக்கும் அதுவே அடைப்பான், புடுங்கினா அங்கேயே டயர் உக்காந்துடும், ஸ்டெப்னியும் கிடையாது. இந்த மாதிரி வண்டில ஸ்டெப்னிக்கு பதிலா ஒரு பாட்டில் சீலண்டும் (ஓட்டையை அடைக்கிற திரவம்) சின்ன கம்ப்ரஸரும்தான் குடுக்குறான், அந்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்தா எக்ஸ்பயரி முடிஞ்சு ஒரு வருஷம் ஆயிருக்கு. (உங்க பாட்டிலையும் ஒருதடவை எடுத்துப் பாத்துக்கோங்க.) அது நல்லா இருந்திருந்தாலும் ஊத்தியிருக்க மாட்டேன். நடுரோட்டுல நின்னா வேற வழியில்ல, வீட்டு வாசல்ல நிக்கும்போது எதுக்கு, உள்ள பூரா கோந்து மாதிரி ஆயிடும், பேட்ச் (உள்பக்கமா ஒட்டுற ரப்பர் துண்டு) ஒட்டுறவன் அதை முழுக்கத் துடைச்சு எடுத்தாகணும், வால்வ்ல இருக்கிற பிரஷர் சென்சாரும் அடைச்சுக்கலாம்.

சாதாரண கார்னா இதை எழுதவே மாட்டேன், பஞ்சர் போட்டுட்டுப் போயிருப்பேன். டயர் பக்கவாட்டுல 265/35 இசட்ஆர்18 97ஒய்னு போட்டிருக்கு. 97ன்னா ஒரு டயர் 730 கிலோ தாங்கும், ஒய்னா மணிக்கு 300 கிமீ வரைக்கும். 265ல 35 சதவீதம்னா பக்கச்சுவர் உயரம் 93 மிமீ கூட வரலை, காத்து குறைஞ்சா மடங்குறதுக்கு இடமே இல்லாத டயர் இது. நான் 300ல போகப் போறதில்லதான், ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவை ரேஸ் டிராக்குக்கு எடுத்துட்டுப் போவேன், நேர் ரோட்டுல 200ஐத் தொடும். குழப்பம் பூரா அங்கதான்.

உக்காந்து ஒரு கணக்கு போட்டேன். இந்த சக்கரத்தோட ஆரம் சுமார் 32 செமீ. 100ல போகும்போது டயர் ஓரத்துல இருக்கிற பொருளுக்கு அதோட எடை மாதிரி கிட்டத்தட்ட 245 மடங்கு விசை வெளிப்பக்கமா இழுக்கும். 200ல அது ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு, 980 கிட்ட. 10 கிராம் பேட்ச் ஒண்ணு 200ல பத்து கிலோ மாதிரி நடந்துக்கும். முதல்ல பயந்தேன், அப்புறம்தான் மண்டைல பல்பு எரிஞ்சுது: உள்பக்கமா ஒட்டுன பேட்ச்சை இந்த விசை டயரோட சேர்த்து இன்னும் அமுக்கத்தான் செய்யும், உள்ள இருக்கிற காத்தும் அதையேதான் செய்யும். வெளியிலேருந்து சொருகுற ஸ்ட்ரிப்பை, அதாங்க அந்த பழுப்புக் கலர் புழு, அதை ரெண்டும் சேர்ந்து வெளிய தள்ளும். ஸ்ட்ரிப் வேணாம்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன்.

ரெண்டு நாளா வண்டியை எடுக்கலை. அப்புறம் 35 வரைக்கும் காத்தடிச்சு, 40க்கு மேல போகாம உருட்டிக்கிட்டு டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்ததும் "நடுவுலதானே இருக்கு தம்பி, ஸ்ட்ரிப் போட்டா அஞ்சு நிமிஷம்"னார். "இல்லண்ணே, கழட்டி உள்ள பார்த்துடலாம், பேட்ச்தான் போடணும்"னேன். "எத்தனையோ வண்டிக்கு போட்டிருக்கேன், ஒண்ணும் ஆனதில்ல"ன்னார். பொய் சொல்லலை அவர், ஊர் சுத்துற காருக்கு ஸ்ட்ரிப்லயே வருஷக்கணக்குல ஓட்டுறவங்க இருக்காங்க. ஆனா ஸ்ட்ரிப் போடுறவன் உள்ள எட்டிப் பார்க்குறதே இல்ல, எனக்கு அதுதான் இடிச்சுது. ஓட்டை வழியா தண்ணி இறங்கி உள்ள இருக்கிற ஸ்டீல் பெல்ட் துருப்பிடிச்சா ரப்பரும் பெல்ட்டும் மெல்ல மெல்ல பிரிய ஆரம்பிக்கும், அது வெளியிலேருந்து தெரியவே தெரியாது. கொஞ்சம் முனகிட்டே மெஷின்ல ஏத்தினார்.

டயரைப் பிரிச்சதும் நான் முதல்ல பார்த்தது ஸ்க்ரூவை இல்ல, பக்கச்சுவரோட உள்பக்கத்தை. காத்து இல்லாம ஓடின டயர்ல உள்ள சுத்தி வட்டமா ஒரு தேய்மானக் கோடு விழும், மிளகுத்தூள் மாதிரி கருப்பு ரப்பர் தூள் கொட்டிக் கிடக்கும். அப்படி இருந்தா ஓட்டை எவ்ளோ சின்னதா இருந்தாலும் டயர் குப்பைக்குத்தான், பேச்சே இல்ல. உள்ளங்கையை வெச்சு முழு வட்டம் தடவிப் பார்த்தேன், வழவழன்னு இருந்துச்சு, தூள் இல்ல. 25க்குக் கீழ விடாம இருந்தது என்னைக் காப்பாத்திடுச்சு. உற்பத்தித் தேதியும் பார்த்தேன், கடைசி நாலு எண் 1822, அதாவது 2022ல 18வது வாரம். வயசும் பிரச்சனை இல்ல.

அப்புறம் ஸ்க்ரூ. இங்கதான் ஒரு வில்லங்கம். வெளிய பார்த்தா ட்ரெட் (ரோட்டைத் தொடுற பள்ளம் போட்ட பகுதி) ஓரத்துலேருந்து 78 மிமீ உள்ள இருந்துச்சு, தாராளம். உள்ள பார்த்தா முனை 67 மிமீல வெளிய வந்திருக்கு. சாஞ்சு ஏறியிருக்கு, ஷோல்டர் பக்கமா, அதாவது ட்ரெட் முடிஞ்சு பக்கச்சுவர் ஆரம்பிக்கிற ஓரம். தடிமன் 13 மிமீன்னு வெச்சா சாய்வு 40 டிகிரி வருது. ஓட்டை 4 மிமீதான், கார் டயருக்கு 6 மிமீ வரைக்கும் ரிப்பேர் பண்ணலாம்ங்கிறது பொதுவான வரம்பு, அதுல பாஸ். இடம்? வெளி ஓரத்து பெரிய பள்ளத்துக்கு உள்பக்கமாத்தான் இருக்கு, பேட்ச் ஒட்டினாலும் அதோட விளிம்பு ஷோல்டருக்குப் போகாது. அதுலயும் பாஸ். ஆனா சாய்வு 25 டிகிரிக்கு மேல போனா காளான் மாதிரி தண்டும் பேட்ச்சும் ஒண்ணா வர்ற மஷ்ரூம் பேட்ச் சரிப்படாது, தண்டு சாஞ்சு போகும்போது குடை ஒரு பக்கம் தூக்கிக்கும். தண்டு தனி, பேட்ச் தனின்னு ரெண்டு பீஸா போடணும். வெளிய மட்டும் பார்த்திருந்தா இது எதுவுமே தெரிஞ்சிருக்காது, நான் ஒண்ணும் பெரிய புத்திசாலி இல்ல, கழட்டச் சொன்னதுல மாட்டுச்சு அவ்ளோதான்.

"பேசாம புதுசு போட்டுடேன் தம்பி"ன்னார் அண்ணன் இப்போ. அவரே அஞ்சு நிமிஷம்னு சொன்னவர்! சரி அதையும் யோசிச்சுப் பார்த்தேன். என் பின் டயர்ல ட்ரெட் 5 மிமீ மிச்சம், புதுசு 8 கிட்ட வரும். ஒண்ணு மட்டும் மாத்தினா ஆரத்துல 3 மிமீ வித்தியாசம், சுத்தளவுல 19 மிமீ. கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் புது டயர் 495 சுத்து சுத்தினா பழசு 500 சுத்தும். பின்னாடி லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரென்ஷியல் (ரெண்டு பின் சக்கரமும் ரொம்ப வேற வேற வேகத்துல சுத்தாம பிடிச்சு வெக்கிற பாகம்) இருக்கு, நேரா போகும்போது கூட அதுக்குள்ள கிளட்ச் பிளேட் சும்மா உரசிக்கிட்டே இருக்கும். மழைல ஒரு பக்கம் பிடிக்கும் இன்னொரு பக்கம் வழுக்கும். அப்போ மாத்துனா ஜோடியாத்தான் மாத்தணும், ஆணியே ஏறாத இடது டயரையும் பாதி ஆயுசுல தூக்கிப் போடணும். ட்ரெட் 3 மிமீல இருந்திருந்தா யோசிக்காம ஜோடியா மாத்தியிருப்பேன், 5ல மனசு வரலை.

ஒட்டுனோம். ஸ்க்ரூவை வந்த வழியே சாய்வாவே திருப்பி எடுத்தார், அதே சாய்வுல ட்ரில்லை விட்டு ஓட்டையை சுத்தம் பண்ணார், சொல்யூஷன் தடவி ரப்பர் தண்டை உள்ளேருந்து இழுத்து, உள்பக்கம் சமமா வெட்டினார். அப்புறம் உள் லைனரை (டயரோட உள்பக்க ரப்பர் படலம்) பஃப் பண்ணி, அதாவது லேசா சொரசொரப்பா தேய்ச்சு, தூளை உறிஞ்சி எடுத்து, திரும்ப சொல்யூஷன். இங்க பொறுமை வேணும், ஈரமா இருக்கும்போதே ஒட்டினா பிடிக்காது, விரல் முட்டியால தொட்டா ஒட்டற மாதிரி ஆகுற வரைக்கும் காயணும். அவர் டக்குனு ஒட்டப் போனார், "ரெண்டு நிமிஷம் இருங்கண்ணே"ன்னு கையைப் பிடிக்காத குறை. டயரை விரிச்சுப் பிடிச்சபடி ஒட்டாம இயல்பா விட்டு ஒட்டினார், அது அவருக்கே தெரிஞ்சிருந்துச்சு. பல் சக்கரம் மாதிரி இருக்கிற குட்டி ரோலரால நடுவுலேருந்து வெளிப்பக்கமா கரகரன்னு அழுத்தித் தேய்ச்சார், ஓரத்துல சீலர் பூசினார், ட்ரெட் பக்கம் நீட்டிக்கிட்டிருந்த தண்டை வெட்டினார். பேலன்சிங்ல 15 கிராம் கூடுதலா கேட்டுச்சு.

அப்புறம் நோட்டு போட்டு எழுத ஆரம்பிச்சேன், தினமும் காலைல வண்டி குளிர்ந்திருக்கும்போது மட்டும். முதல் நாள் 34. மூணாம் நாள் 34. ஒரு வாரத்துல 34. முதல் 100 கிமீ 80ஐத் தாண்டலை, இது என் சொந்த பயம், ரூல் ஒண்ணும் இல்ல. ரெண்டாவது வாரம் ஹைவேல 110, ஸ்டீயரிங்லயும் சீட்லயும் அதிர்வு இல்ல. இறங்கினதும் ரெண்டு பின் டயரையும் கையால தொட்டுப் பார்த்தேன், ரெண்டும் ஒரே சூடு. ஒரு மாசத்துல 33.5.

டிராக் மட்டும் இந்த டயரோட கிடையாது. ரிப்பேர் பண்ண டயருக்கு பழைய ஸ்பீடு ரேட்டிங்கை நம்பாதேன்னு சில தயாரிப்பாளர்கள் சொல்றாங்க, சிலர் முறையா பண்ணா பரவாயில்லங்கிறாங்க. நான் முதல் கட்சி. இந்த டயர்கள்ல ஸ்டீல் பெல்ட்டுக்கு மேல நைலான் கயிறு சுத்தியிருப்பாங்க, அதிவேகத்துல டயர் விரியாம இறுக்கிப் பிடிக்கிறதே அதுதான். ஸ்க்ரூ அதுல எத்தனை இழையை அறுத்துச்சுன்னு எந்த பேட்ச்சும் சொல்லாது. அடுத்த டிராக் நாளுக்குப் பேர் குடுக்கலை.

போன வாரம் காலைல திரும்பவும் மஞ்சள் லைட். வயித்தைக் கலக்கிடுச்சு, நேரா ஓடிப்போய் வலது பின் டயர்ல கேஜை வெச்சா 33.5, அசையலை. இடதுல 28. ஜாக்கி போட்டு அரை மணி நேரம் ட்ரெட் பூரா சோப்புத் தண்ணி அடிச்சேன், ஒரு முட்டையும் இல்ல. கடைசில சும்மா வால்வ் மூடியைக் கழட்டி ஒரு சொட்டு விட்டா புஸ்ஸுனு ஊதுது. வால்வ் பின் லூசு. கீ போட்டு கால் திருகு திருகினேன், நின்னுடுச்சு.