மலைக் கல்யாணத்துக்கு என்ன லென்ஸ்?

கல்யாணப் படம் எடுக்க முதல் லென்ஸ் எது வாங்கலாம் என்று கேட்டு வருகிற தம்பிகளில் பாதிப் பேர் மனசுக்குள் 70-200-ஐ, அதாவது தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கிற 70-200 எம்எம் ஜூம் லென்ஸை, முடிவு பண்ணிவிட்டுத்தான் வருகிறார்கள். நல்ல லென்ஸ்தான். கோயம்புத்தூரின் பெரிய மண்டபத்தில் கடைசி வரிசையில் நின்றுகொண்டே, மேடையில் பெண்ணின் அம்மா கண்ணைத் துடைப்பதை அதில் பிடித்துவிடலாம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கதை வேறு. வெளியே ஜோடியை நிறுத்திவிட்டு நாம் தள்ளிப் போகப் போக நடுவில் மூடுபனிதான் கூடும். முகம் வெளுத்துப்போய், கான்ட்ராஸ்ட் இல்லாமல் ஆட்டோபோகஸ் முன்னும் பின்னும் அலையும். பிளாஷ் போட்டால் பனித்துளிகள் வெள்ளைப் புள்ளியாக விழுந்து படத்தைக் கெடுக்கும். அகலமாகப் பிடிக்கிற 35 எம்எம் மாட்டிக்கொண்டு நாலு எட்டு கிட்டே போனால் முகமும் தெளிவாக வரும், பின்னால் தேயிலைச் சரிவு பனியில் கரைவதும் வரும்.

வீட்டுக்குள்ளும் அதே 35தான். ஒரே ஒரு பல்பு எரிகிற சின்ன அறையில் பெண்ணுக்கு அலங்காரம் நடக்கும், சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். விலை குறைவு என்று 50 எம்எம்மை கிராப் சென்சார் பாடியில், அதாவது சென்சார் சின்னதாக உள்ள கேமராவில், போட்டால் அது 75, 80 மாதிரி வேலை செய்யும், பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு சுவரில் முட்டும். லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்று சொல்வது எஃப் எண், அது குறையக் குறைய வெளிச்சம் கூடும். எஃப் 1.4 இருந்தால் 2.8-ஐவிட நாலு மடங்கு வெளிச்சம், அந்த அறையில் அது பெரிய விஷயம்.

ஆனால் தாலி கட்டும் நேரத்துக்கு நான் 24-70 எஃப் 2.8 தவிர வேறெதையும் நம்புவதில்லை. கெட்டிமேளம் கேட்டதும் அத்தை, சித்தி எல்லோரும் அட்சதையோடு முன்னால் வந்துவிடுவார்கள், ஒரு பக்கம் வீடியோக்காரர், இன்னொரு பக்கம் ஹோமப் புகை, நகர இடமே இருக்காது. 24-இல் கூட்டத்தோடு ஒன்று எடுத்துவிட்டு அப்படியே 70-க்குத் திருப்பினால் நாத்தனார் போடுகிற முடிச்சு வரை கிடைக்கும். இந்த இடத்தில் 85 எம்எம் லென்ஸை எஃப் 1.4-இல் திறந்து வைத்தால் ரெண்டு மீட்டர் தூரத்தில் போகஸ் ஆழம் ஐந்து சென்டிமீட்டர்கூட தேறாது, மாப்பிள்ளை விரல் ஷார்ப்பாக, பெண் முகம் மங்கலாக வரும். ஆல்பத்தில் அதைப் பார்த்துவிட்டு அவர்கள் வீட்டில் கேட்பார்கள் பாருங்கள்!

அப்புறம் ஈரம். வெளிக் குளிரிலிருந்து ஆள் நெருக்கமும் அடுப்புச் சூடும் உள்ள மண்டபத்துக்குள் நுழைந்ததும் கேமராவை எடுத்தால் கண்ணாடி வேர்த்துவிடும், துடைத்தாலும் மறுபடி வேர்க்கும். ஜிப்பைத் திறக்காமல் பையோடு உள்ளே கொஞ்ச நேரம் வைத்திருப்பது ஒன்றுதான் வழி. அதைவிட மோசம் ஆடி மாதம். கல்யாணம் இல்லை, மழை உண்டு, பை மூடியபடி மூலையில் கிடக்கும், பூஞ்சை நூல் நூலாக உள்ளே ஓடுவது அப்போதுதான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் நிற்கட்டும். லென்ஸோடு வருகிற துணிப் பை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

மேட்டுப்பாளையம், கோவை என்று கீழே ஆர்டர் வந்தால் 70-200-ஐ அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ரேட் பேசும்போதே அந்த வாடகையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், கல்யாணம் முடிந்த பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.