14 பல் இழுத்தும் நிற்காத ஹேண்ட்பிரேக்

வண்டிக்கு 25 வயது தாண்டிவிட்டது. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ரகம். கால் பிரேக்கில் குறை சொல்ல எதுவும் இல்லை, மிதித்த இடத்தில் நிற்கும். ஹேண்ட்பிரேக்தான் பெயருக்கு இருந்தது. லீவரை 14 பல் வரை (இழுக்கும்போது கேட்கும் ஒவ்வொரு 'கிளிக்'கும் ஒரு பல்) இழுத்தாலும் சின்னச் சரிவில்கூட வண்டி மெல்ல நகரும். அதனால் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போவது பழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் கல்லை எடுத்து வைக்கப் போகும் அவசரத்தில், டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸின் விசையை முன், பின் சக்கரங்களுக்கு அனுப்பும் பெட்டி) லீவர் நியூட்ரலில் இருந்ததைக் கவனிக்காமல் இறங்கினேன். அது நியூட்ரலில் இருந்தால் கியர்பாக்ஸ் எந்தக் கியரில் கிடந்தாலும் சக்கரத்துக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. கதவைச் சாத்தும் முன்பே வண்டி கிளம்பிவிட்டது. தாவி ஏறி மிதித்தேன், பின்னாலிருந்த சுவர் தப்பித்தது. அன்றைக்குத்தான் இனித் தள்ளிப்போடக் கூடாது என்று உறைத்தது.

முதல் சனிக்கிழமை எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். லீவருக்குக் கீழே உள்ள கவரைக் கழற்றினால் கேபிள் முனையில் இரண்டு நட்டுகள். ஒன்றைத் தளர்த்தி மற்றதை முறுக்கினேன். பத்து நிமிட வேலை, 6 பல்லிலேயே லீவர் கெட்டியாக நின்றது. இவ்வளவுதானா என்று எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு நீண்ட ஓட்டம் முடிந்து இறங்கினால் வலது பின் சக்கரத்தருகே கருகல் வாடை. ரிம்மில் கை வைக்க முடியவில்லை. லீவரோ மறுபடி 11 பல்லுக்குப் போயிருந்தது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை.

ஏன் இப்படி ஆயிற்று என்பது உட்கார்ந்து யோசித்த பிறகுதான் பிடிபட்டது. இந்த ரக டிரம்மில் ஷூ (டிரம்மின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும் வளைந்த கட்டை) தேயத் தேய இடைவெளியைத் தானாகவே குறைக்க ஒரு அட்ஜஸ்டர் இருக்கிறது. இரண்டு ஷூக்களுக்கும் நடுவே ஒரு திருகு, அதன் மேல் பல் வைத்த ஸ்டார் வீல். என் வண்டியில் அந்த ஸ்டார் வீலைச் சுழற்றுவதே ஹேண்ட்பிரேக்தான். லீவரை இழுத்து விடும்போது டிரம்முக்குள் இருக்கும் சின்ன லீவர் முழுதாகப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், அப்போதுதான் அடுத்த பல்லைப் பிடிக்கும். கேபிளை விறைப்பாக முறுக்கி வைத்தால் அது திரும்பவே திரும்பாது. ஷூ தேயும், இடைவெளி கூடும், நாம் மறுபடி கேபிளை முறுக்குவோம். நடுவில் ஷூ ஒன்று டிரம்மை உரசிக்கொண்டே ஓடும். என் கருகல் வாடை அதுதான்.

கேபிளைப் பழையபடி தளர்த்திவிட்டு, அடுத்த வாரம் அடியில் படுத்தேன். நண்பர் உள்ளே உட்கார்ந்து லீவரை இழுத்து இழுத்து விட்டார். ஒவ்வொரு பக்கத்து பேக் பிளேட்டிலும் (டிரம்முக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் தகடு) 'ட' வடிவத்தில் ஒரு பெல் கிராங்க் இருக்கிறது. அதன் ஒரு கையைக் கேபிள் இழுக்கும், மற்றக் கை டிரம்முக்குள் உள்ள லீவரை இழுக்கும். வலது பக்கம் நன்றாக அசைந்தது. இடது பக்கம் அசையவே இல்லை. சுத்தியலால் தட்டினால் கொஞ்சம் நகர்ந்தது, நகர்ந்தது திரும்பி வரவில்லை. அதாவது இத்தனை நாளும் வண்டியை ஒற்றைச் சக்கரம்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது! கால் பிரேக் தன் எண்ணெய் அழுத்தத்தால் தனி வழியில் வேலை செய்வதால் இந்தக் கோளாறு வெளியே தெரியவே இல்லை.

டிரம்மைக் கழற்றும் முன் முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்தேன். பின் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டில் இறக்கினேன். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போவதில்லை. பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் ஹேண்ட்பிரேக் டிரம் சக்கரத்தில் கிடையாது, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும். ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினால், இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுழன்றுகொடுக்கும். ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தும் வண்டி உருளும்.

என் டிரம் துருவில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றில் 8 மி.மீ. போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் டிரம் தானே வெளியே வரும். ஆற்றில் இறக்கி ஓட்டிய நாட்களெல்லாம் உள்ளே காய்ந்த சேறாகக் கிடந்தன. அந்தத் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் (ஷூவின் மேல் ஒட்டிய உரசும் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகமூடி போட்டுக்கொண்டு பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்தேன்.

கால் பிரேக்கை மிதிக்கும்போது ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரைத் தூக்கிப் பார்த்தேன், உள்ளே கசிவில்லாமல் காய்ந்திருந்தது. ஆக்சில் எண்ணெயைத் தடுக்கும் சீலிலும் கசிவு இல்லை. ஆனால் ஆக்சில் மேலிருக்கும் பிரீதர் என்ற காற்றுப்போக்கி சேறடைத்துக் கிடந்தது. சூடேறும்போது உள்ளே சேரும் அழுத்தம் அது வழியாகப் போக முடியாவிட்டால் சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் ஷூவுக்கு வரும், அதையும் சுத்தம் செய்துவிட்டேன். டிரம்மின் உள்விட்டம் 254.7 மி.மீ., அதில் பொறித்திருந்த அதிகபட்ச அளவு 256. பரவாயில்லை. வலது பக்க ஷூக்கள் சூட்டில் கண்ணாடிபோல வழவழப்பாகியிருந்தன, லைனிங் 2 மி.மீ.கூட இல்லை. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே புது ஷூ போட முடிவு செய்தேன், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும்.

முழு மாலையையும் தின்றது அந்த இடது பெல் கிராங்க்தான். அதன் ரப்பர் மூடி கிழிந்து தண்ணீர் உள்ளே போய், நடுவே அது சுழலும் ஆணி (பின்) துருவேறி ஓட்டையோடு பற்றிக்கொண்டிருந்தது. துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்தேன். மறுநாள் வைஸில் பிடித்து அடித்தேன், ம்ஹூம். டார்ச்சால் சூடாக்கி, மறுபடி எண்ணெய், மறுபடி அடி. நாலாவது சுற்றில் ஒரு மி.மீ. நகர்ந்தது. அப்புறம் வழிக்கு வந்தது. ஆணியை உப்புத்தாளால் தேய்த்து, ஓட்டைக்குள்ளும் தேய்த்து, கிரீஸ் வைத்து, புது ரப்பர் போட்டேன். விரலால் தள்ளினால் போய், விட்டால் திரும்பி வர வேண்டும், அதுதான் கணக்கு. வலது பக்கம் நன்றாக இருந்தாலும் அதையும் கழற்றி கிரீஸ் வைத்தேன். கேபிளின் மேல் முனையைத் தூக்கிக் கட்டி உறைக்குள் எண்ணெய் இறங்க விட்டேன்.

ஷூ மாற்றும்போது ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைக் கழற்ற வேண்டும், ஸ்பிரிங் எங்கே மாட்டுவது என்று பார்த்துக்கொள்ள இன்னொரு பக்கம் மிச்சமிருக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினேன். ஸ்பிரிங்குகளைப் போட்டோ பார்த்து மாட்டிவிட்டேன். அட்ஜஸ்டர்களைச் சுத்தம் செய்ய ஒரே தட்டில் போட்டதுதான் வினை.

ஷூ உட்காரும் இடங்களில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸை லேசாகத் தடவி, டிரம்மை மாட்டி, லீவரை இருபது தடவை இழுத்து விட்டேன். பல் குறைய வேண்டும். எனக்கோ 10, 12, 13 என்று கூடிக்கொண்டே போனது! நண்பர் சிரிக்க ஆரம்பித்தார். இடது வலது அட்ஜஸ்டர்களின் மரை எதிரெதிர்த் திசை. மாற்றி மாட்டினால் ஒவ்வொரு இழுப்புக்கும் திருகு நீளாமல் சுருங்கும். மறுபடி இரண்டு டிரம்மும் வெளியே.

சரியாக மாட்டிய பிறகு வரிசையாகச் செய்தேன். முதலில் ஸ்டார் வீலைக் கையால் திருகி, டிரம் மெல்ல உரசும் அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு தாராளமாகச் சுற்றும் வரை சில பல் பின்னால் எடுத்தேன். அடுத்து பெல் கிராங்க் திரும்பி வந்து முட்டி நிற்கும் ஸ்டாப்பர் போல்ட், அதில் அரை மி.மீ. அளவு தளர்வு. பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து ஷூக்களை நடுவுக்குக் கொண்டுவந்த பின் லீவரைத் திரும்பத் திரும்ப இழுத்தேன். உள்ளே 'டிக் டிக்' என்று அட்ஜஸ்டர் பல் பிடிக்கும் சத்தம், கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. கடைசியில்தான் கேபிளைத் தொட்டேன், அதுவும் தொங்கலை எடுக்க ஒன்றரைச் சுற்று.

இப்போது 8 பல்லில் நிற்கிறது. முன்பு நகர்ந்த அதே சரிவில் முகம் மேலே, முகம் கீழே என்று இரண்டு விதமாகவும் நிறுத்திப் பார்த்தேன், அசையவில்லை. முதல் நாள் பிடி சுமார்தான், புது ஷூ டிரம்மோடு பழகச் சில நூறு கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது. ஓட்டி முடித்ததும் இரண்டு டிரம்மையும் தொட்டுப் பார்க்கிறேன், இரண்டும் ஒரே சூடு. இடது பக்கக் கேபிள் உறை ஒரு இடத்தில் வெடித்திருக்கிறது, மழைக்காலத்துக்கு முன் அதையும் மாற்ற வேண்டும். கல் இன்னும் வண்டியில்தான் இருக்கிறது.