காஸ்டியல் மப்ளர்: ஆறாம் சீசன் வரை வந்தாச்சு

அன்றன்றைய வானிலையைப் பார்த்து தினமும் இரண்டு வரிசை பின்னுகிற போர்வை ஒன்று பின்னல்காரர்களிடையே ரொம்பப் பிரபலம். குளிரான நாளுக்கு நீலம், வெயிலடித்தால் மஞ்சள், இப்படி ஒரு வருடம். கோத்தகிரியில் உட்கார்ந்து அதைச் செய்தால் முக்கால்வாசி சாம்பல் நிறமாகத்தான் வரும். அதனால் வானிலையை விட்டுவிட்டு நான் ஒரு தேவதூதனை எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு அவன் யார் பக்கம் என்று பார்த்து நிறம் மாற்றுவது. அது இந்த மலை மூடுபனியைவிட வேகமாக மாறும் என்பது ஏற்கெனவே தொடரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தொடர் ‘சூப்பர்நேச்சுரல்’. 2005 செப்டம்பரில் தொடங்கி 2020 நவம்பரில் முடிந்தது. 15 சீசன், 327 எபிசோடு. டீன், சாம் என்ற அண்ணன் தம்பி இருவர் 1967 மாடல் இம்பாலா காரில் ஊர் ஊராகப் போய்ப் பேய் பிசாசு வேட்டையாடுகிறார்கள். நான்காம் சீசனின் முதல் எபிசோடில், 2008 செப்டம்பரில், காஸ்டியல் என்ற தேவதூதன் வருகிறான். நரகத்தில் கிடந்த டீனை வெளியே இழுத்துப் போட்டவன் அவன்தான். டீனின் தோளில் அவன் கைத்தடம் சூடு போட்டது போலப் பதிந்திருக்கும். நடித்தவர் மிஷா காலின்ஸ். இனி பார்க்கப் போகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். கீழே எல்லா ரகசியத்தையும் உடைத்திருக்கிறேன்.

முதலில் சாமான். ஊட்டியில் வாங்கிய அக்ரிலிக் உல்லன் நூல், 8ஆம் நம்பர் ஊசி, அதாவது 4 மில்லிமீட்டர். அகலத்துக்கு 40 லூப். இரண்டு ஓரத்திலும் நான்கு நான்கு லூப் எல்லா வரிசையிலும் நிட், அதாவது நேர்ப்பின்னல், மட்டும் போட வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் சுருண்டுகொள்ளும். காஸ்டியல் தலைகாட்டுகிற ஒவ்வொரு எபிசோடுக்கும் ஆறு வரிசை. அவன் வராத எபிசோடுக்கு ஒன்றும் கிடையாது. பரலோகத்துக்கு வேலை செய்கிறான் என்றால் நீலம். சகோதரர்கள் பக்கம் என்றால் பச்சை, டீன் போட்டுக்கொண்டு திரியும் சட்டையின் பச்சை. தனக்கென்று ஏதோ மறைத்து வைத்திருக்கிறான் என்றால் கறுப்பு.

முதலில் நினைத்தது ஒரு எபிசோடுக்கு ஒரு நிறம். ஆனால் நான்காம் சீசன் ஏழாவது எபிசோடுக்கு வந்ததும் அது போதாது என்று தெரிந்துவிட்டது. அதில் பூங்கா பெஞ்சில் டீன் பக்கத்தில் உட்கார்ந்து காஸ்டியல் பேசுகிற ஒரு காட்சி வரும். ஊரையே அழிக்கச் சொல்லி மேலிடம் அனுப்பியதாகத்தான் அதுவரை நாம் நினைத்திருப்போம். உண்மையில் டீன் என்ன சொல்கிறானோ அதைச் செய் என்பதுதான் உத்தரவு, டீனுக்கு வைத்த பரீட்சை. டீன் ஊரைக் காப்பாற்றும் முடிவை எடுக்க வேண்டுமே என்று தான் வேண்டிக்கொண்டிருந்ததாகவும், தனக்குள் சந்தேகங்கள் இருப்பதாகவும் காஸ்டியல் சொல்கிறான். இதற்கு எந்த நிறம் போடுவது? வேலை நீலம், மனசு பச்சை.

அதனால் இரட்டை நூல் முறைக்கு மாறினேன். முன்பக்கம் அவன் வாயால் சொல்வது, பின்பக்கம் அவன் சொல்லாதது. இரண்டு நூலையும் ஒரே வரிசையில் கொண்டுபோக வேண்டும்; ஒன்றால் பின்னப் பின்ன மற்றது முதுகுப்பக்கம் தொங்கிக்கொண்டே கூட வரும். நான்கைந்து லூப்புக்கு ஒரு முறை அந்தத் தொங்கும் நூலைப் பின்னுகிற நூலோடு ஒரு முறுக்கு முறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் விரல் மாட்டும், இறுக்கி இழுத்தால் துணி சுருங்கும்.

பின்னல் எனக்குச் சொல்லிக்கொடுத்தது பெரியம்மா. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் பார்ப்பார், ஆங்கிலம் ஓடுகிற இடத்தில் நான் கதை சொல்வேன். முதல் நாளிலிருந்தே அவருக்குக் காஸ்டியல் மேல் ஒரு கோபம். “தூதனுக்கு ஏதும்மா சொந்த யோசனை? சொன்னதைச் செய்யத்தானே அனுப்புறாங்க” என்றார். “அதுதான் பெரியம்மா கதையே” என்றேன். “அப்ப அந்தக் கதையிலயே கோளாறு இருக்கு” என்று சொல்லிவிட்டு, மறுநாள் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

நான்காம் சீசன்தான் பின்னுவதற்கு ருசியான பகுதி. பதினாறாவது எபிசோடில் தேவதூதர்களைக் கொல்வது கூடவே இருக்கிற யூரியல் என்ற தூதன்தான் என்று தெரியவரும். காஸ்டியல் மனிதர்களோடு அதிகம் ஒட்டிக்கொண்டான் என்று சொல்லி மேலிடம் அவனைக் கீழே இறக்கி, யூரியலைத்தான் மேலே வைத்திருக்கும். மனதில் ஈரம் உள்ளவனைச் சந்தேகப்பட்டு நிஜத் துரோகியிடம் சாவியைக் கொடுக்கிற அலுவலகம். நம்மில் பலர் வேலை பார்த்திருப்போம். பின்பக்கப் பச்சை இங்கே கெட்டியாகிறது.

இருபதாவது எபிசோடில் பச்சையை அறுத்தே விட்டேன். டீனிடம் ஏதோ முக்கியமானதைச் சொல்ல வரும் காஸ்டியலை, சொல்வதற்குள் மேலே இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவன் குடியிருந்த உடம்பின் சொந்தக்காரர் ஜிம்மி நோவாக் மட்டும் கீழே மிச்சம். காஸ்டியல் திரும்பி வரும்போது ஜிம்மியின் சின்னப் பெண் உடம்பில் வருகிறான். மகளை விட்டுவிட்டு என்னையே எடுத்துக்கொள் என்று ஜிம்மி கெஞ்சுகிறார். அதற்கப்புறம் டீனைப் பார்த்துக் காஸ்டியல் சொல்வது, தான் பரலோகத்துக்கு ஊழியக்காரன், மனிதனுக்கு இல்லை, டீனுக்கு நிச்சயமாக இல்லை என்று. சுத்த நீலம். “இப்பத்தான் ஒழுங்கா இருக்கான்” என்றார் பெரியம்மா.

அடுத்த எபிசோடைத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பேய் ரத்தம் குடிக்கும் பழக்கத்திலிருந்து மீட்க சாமை அவர்களுடைய வேட்டைக்கார நண்பர் பாபியின் இரும்பு அறைக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். ராத்திரி கைவிலங்கு தானாகக் கழன்று விழுகிறது, கதவு திறந்துகொள்கிறது. சாம் தப்பிப் போகிறான். அவன் போன பிறகு காட்டுகிறார்கள்: திறந்துவிட்டது காஸ்டியல். சாம் வெளியே போனதால்தான் லூசிஃபரை அடைத்து வைத்திருந்த கடைசி முத்திரை உடைந்து அவனே விடுதலையாகிறான். இதே எபிசோடில் பரலோகத்துக்குக் கீழ்ப்படிவதாக டீனிடம் வாக்கு வாங்குபவனும் காஸ்டியல்தான். ஏன் திறந்துவிட்டாய் என்று கேட்க வரும் ஆன்னா என்ற தூதரையும் மற்ற தூதர்களிடம் பிடித்துக்கொடுத்துவிடுகிறான்.

இந்த ஆறு வரிசைக்கு என்ன நிறம் என்பதில் எனக்கும் பெரியம்மாவுக்கும் சரியான வாக்குவாதம். உத்தரவுப்படி செய்தது, அதனால் முன்னும் பின்னும் நீலம் என்பது அவர் கட்சி. என் கட்சி, உத்தரவு நீலமாக இருக்கலாம், ஆனால் டீன் முகத்தைப் பார்த்து வாக்கு வாங்கிவிட்டு, அவன் தம்பி இருந்த கதவை முதுகுக்குப் பின்னால் திறந்தது யாருடைய வேலை? இந்தத் தொடர் ரசிகர்களில் பலர் காஸ்டியல் கெட்டுப்போனது ஆறாம் சீசனில் என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சொல்லாமல் செய்வது, செய்ததை நன்மைக்குத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது, கேட்க வந்தவரை அப்புறப்படுத்துவது, மூன்றும் இந்த இரும்புக் கதவுப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் முன்னால் நீலம், பின்னால் கறுப்பு போட்டேன். மப்ளரில் கறுப்பு நூல் சேர்ந்த முதல் இடம் அதுதான். பெரியம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சீசன் கடைசியில் அவன் கத்தியால் தன் கையைக் கிழித்து, ரத்தத்தால் சுவரில் குறி வரைந்து, மேலதிகாரி ஜகரையாவை விரட்டிவிட்டு டீனோடு கிளம்புகிறான். அங்கே முழுப் பச்சை. பின்னால் ஒன்றும் தொங்காததால் கைக்கு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா.

ஐந்தாம் சீசன் பின்னலுக்குச் சலிப்பு. டீனின் கழுத்துத் தாயத்தை வாங்கிக்கொண்டு கடவுளைத் தேடிப் போகிறான், சக்தி குறைந்துகொண்டே வருகிறது, விசுவாசமாக இருக்கிறான். பச்சை, பச்சை, பச்சை. பதினெட்டாவது எபிசோடில் மட்டும், டீன் பரலோகத்திடம் சரணடையப் போகிறான் என்று தெரிந்ததும் சந்துக்குள் தள்ளி அடி பின்னியெடுக்கிறான், உனக்காகத்தானே எல்லாவற்றையும் விட்டு வந்தேன் என்ற ஆத்திரத்தில். இழந்ததற்குக் கணக்கு வைத்திருக்கிறான் என்று அப்போது தெரிந்தது. நிறம் மாற்றவில்லை, ஒரே ஒரு லூப் நீலம் வைத்துவிட்டு நகர்ந்தேன்.

அப்புறம் ஆறாம் சீசன். பரலோகத்தில் உள்நாட்டுப் போர். ரபேல் என்ற தலைமைத் தூதன் உலக முடிவை மறுபடி தொடங்கப் பார்க்கிறான், காஸ்டியல் தடுக்கப் பார்க்கிறான். இருபதாவது எபிசோடில்தான் முழுக் கதையும் வெளியே வரும். பென் எட்லண்ட் எழுதி இயக்கியது, 2011 மே மாதம் ஒளிபரப்பானது. தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து காஸ்டியல் கடவுளிடம் நடந்ததைச் சொல்கிறான். நரகத்து ராஜா குரோலியோடு கூட்டு. கத்தோலிக்கர்கள் உத்தரிக்கிற ஸ்தலம் என்பார்களே, இந்தத் தொடரில் அது அரக்கர்களின் ஆன்மாக்கள் கிடக்கும் இடம். அதைத் திறந்து ஆளுக்குப் பாதி. அந்த ஒப்பந்தம் சீசன் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆகவே சீசனில் அவன் வருகிற முதல் வரிசையிலிருந்தே பின்னால் கறுப்பு ஓட வேண்டும்.

அப்படித் தெரிந்துகொண்டு பார்த்தால் சீசனே வேறு. பத்தாவது எபிசோடில் குரோலியின் எலும்பை எரித்துக் கொன்றுவிட்டதாகக் காட்டுவது வெறும் நாடகம். பதினேழாவதில் பால்தசார் என்ற தூதன் டைட்டானிக் கப்பலை மூழ்காமல் செய்துவிடுகிறான். அதனால் பிறந்திருக்கவே கூடாத 50,000 பேர் உலகத்தில். போருக்குச் சக்தியாக அந்த ஆன்மாக்கள் வேண்டும் என்று ஏவிவிட்டது காஸ்டியல். சகோதரர்களிடம் அதைச் சொல்லமாட்டான்.

இங்கேதான் பின்னலும் படுத்தியது. வெளிர்பச்சைக்குப் பின்னால் கறுப்பை எபிசோடு எபிசோடாக இழுத்துக்கொண்டு போனால், முறுக்கிப் பிடித்த ஒவ்வொரு இடத்திலும் முன்பக்கம் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி எட்டிப்பார்க்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் வரிசையாகத் தெரியும். முறுக்கும் இடங்களை வரிசைக்கு வரிசை தள்ளி வைத்தால் ஓரளவு மறையும். நேர்கோட்டில் வந்தால் கோடு போட்ட மாதிரி ஆகிவிடும். பெரியம்மா, “கறுப்பை இன்னும் லூசா விடு” என்றார். விட்டால் பின்னால் வளையம் வளையமாகத் தொங்கியது. சரி, புள்ளி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இருபதாவது எபிசோடில் காஸ்டியல் மாட்டிக்கொள்வதும் இப்படித்தானே. அவன் கண்ணுக்குத் தெரியாமல் நின்று ஒட்டுக்கேட்டபோது சகோதரர்கள் சூப்பர்மேனை வைத்து அவனைப் பற்றிப் பேசியிருப்பார்கள். பிறகு நேரில் வரும்போது அந்தப் பேச்சையே தொட்டு ஒரு சாதாரண வேடிக்கை சொல்கிறான். டீன் முகம் மாறும் அந்த இரண்டு விநாடிதான் எனக்கு மொத்தத் தொடரிலும் பிடித்த இடம். இவ்வளவு பெரிய சதியில் அவனைக் காட்டிக்கொடுத்தது நண்பர்களோடு சேர்ந்து சிரிக்க நினைத்த ஆசை.

அதற்கு முன்னால் நடந்த ஒரு காட்சி பெரியம்மாவையே அசைத்துவிட்டது. டீன் வேட்டையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு இருக்கிறான், வீட்டு வாசலில் இலை கூட்டிக்கொண்டிருக்கிறான். உதவி கேட்கலாம் என்று காஸ்டியல் பக்கத்தில் வந்து நிற்கிறான், டீனுக்குத் தெரியவில்லை. இவன் பட்டது போதும் என்று தயங்குகிற அந்த நேரம் பார்த்துக் குரோலி வந்து பேச்சுக் கொடுக்கிறான். “கேட்டிருக்கலாமே பாவி” என்றார் பெரியம்மா. அவ்வளவு நாளும் ‘அந்தத் தூதன்’ என்றே சொல்லி வந்தவர் அன்றுதான் ‘இந்தப் பிள்ளை’ என்றார். அடுத்த இரண்டு எபிசோடில் இந்தப் பிள்ளை பால்தசாரைப் பின்னாலிருந்து குத்தி, நரக நினைவுகளைத் தடுத்து வைத்திருந்த சாமின் மனச்சுவரை இடித்து, நானே இனி கடவுள் என்று நிற்கும். அதற்கு மஞ்சள் போட்டேன், கண்ணைக் குத்துகிற மஞ்சள்.

இப்போது மப்ளர் ஒரு மீட்டரைத் தாண்டிவிட்டது. இழுத்துப் பரப்ப ஈரத்துணி போட்டுக் குண்டூசி குத்தி வைத்தேன், வடகிழக்குப் பருவமழையில் காய்ந்தபாடில்லை. அக்ரிலிக்கில் இஸ்திரிப்பெட்டி பட்டால் நூல் செத்துத் தொங்கும், அதனால் பொறுமைதான். பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் திருப்பித்தான் பார்க்கிறார்கள். இந்த மலையில் அது ஆச்சரியமில்லை. தோடர் பூத்தையல் பார்த்துப் பழகிய ஊர்; வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, வரைந்துகொள்ளாமல் இழை எண்ணியே போடுவார்கள், இரண்டு பக்கமும் உடுத்தலாம். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை அது. அதைப் பார்த்த கண்ணுக்கு என் மப்ளரின் முதுகு கொஞ்சம் அவமானம்தான். ஆனால் எனக்கு இப்போது பிடித்த பக்கம் அதுதான், உள்துணி வைத்துத் தைக்கப் போவதில்லை.

ஏழாம் சீசனில் அவன் வருவதே கொஞ்சம், சீக்கிரம் முடிந்துவிடும். சிக்கல் எட்டாவதில். நயோமி என்ற தூதர் அவனை மேலே வரவழைத்து எல்லாவற்றையும் கறந்துகொண்டு, நினைவை அழித்துக் கீழே அனுப்புகிறார். வேவு பார்க்கிறோம் என்று அவனுக்கே தெரியாது. மறைக்கிறவனுக்கே தெரியாத ரகசியத்தை முறுக்கிப் பிடிக்கிற முறையில் காட்ட முடியாது. இரட்டைப் பின்னல் போட்டுப் பார்க்கிறேன்: 40 லூப்பை 80 ஆக்கி, ஒன்று விட்டு ஒன்று முன்துணி, பின்துணி. முன்னால் பச்சை, பின்னால் நீலம், நடுவில் கை விடலாம், இரண்டும் ஒன்றையொன்று தொடாது. பதினேழாவது எபிசோடில் நிலவறைக்குள் டீனை அடித்து நொறுக்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிடி அறுகிறது. அங்கே மறுபடி 40. சின்னத் துண்டில் போட்டுப் பார்த்ததில் சேர்கிற இடம் தடிப்பாக வருகிறது. ஊசியை ஒரு நம்பர் சன்னமாக்கிப் பார்க்க வேண்டும்.

அதைவிட அவசரம் கறுப்பு நூல். பதினான்காம் சீசன் எட்டாவது எபிசோடில் மகன் போல வளர்க்கும் ஜாக்கைக் காப்பாற்ற, செத்த தூதர்கள் போய்ச் சேரும் ‘வெறுமை’யோடு ஒரு ஒப்பந்தம் செய்கிறான், எப்போது உண்மையான சந்தோஷம் வருகிறதோ அப்போது அது அவனை எடுத்துக்கொள்ளும் என்று. டீனிடம் சொல்லவே இல்லை. பதினைந்தாம் சீசன் பதினெட்டாவது எபிசோடு வரைக்கும் அது பின்னால் ஓட வேண்டும். குரோலி ஒப்பந்தத்துக்குப் போட்ட அதே கறுப்பா என்று பெரியம்மா கேட்கிறார். பிள்ளைக்காகச் செய்ததற்கு மெரூன் போடச் சொல்கிறார். எனக்கு இரண்டுக்கும் கறுப்புதான். சொல்லாமல் விட்டது சொல்லாமல் விட்டதுதான். கறுப்பிலும் லாட்டுக்கு லாட் வித்தியாசம் தெரியும் என்பதால், அடுத்த முறை ஊட்டிக்குப் போகும்போது மொத்தமாக வாங்கிவிடுவேன். கடைக்காரர் ஒரே லாட்டில் வைத்திருந்தால் சரி. பெரியம்மா கூட வருகிறேன் என்கிறார், மெரூனைப் பார்க்க.