வெள்ளைக் கொக்கா? அலகு நிறத்தை நம்பாதீங்க

வெள்ளைக் கொக்கைப் பார்த்ததும், அது எந்த வகை என்று அறிய அலகு மஞ்சளா கறுப்பா என்றுதான் பலரும் பார்க்கிறோம். கோட்டை விடுவது அங்கேதான். பெரிய கொக்கு, இடைக்கொக்கு இரண்டுக்கும் வழக்கமாக மஞ்சள் அலகு. இனப்பெருக்கக் காலத்தில் இரண்டுக்கும் கறுத்துவிடும்.

கடைவாய்க் கோட்டைப் பாருங்கள், அதாவது வாயின் ஓரத்திலிருந்து பின்னோக்கி ஓடும் கோடு. அது கண்ணுக்கு நேர் கீழே முடிந்தால் இடைக்கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடினால் பெரிய கொக்கு. தலை பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுங்கள், நேர் முன்னாலிருந்து பார்த்தால் இது பிடிபடாது. தனியாக நிற்கும் பறவையின் உயரத்தை மட்டும் வைத்துச் சொன்னால் பாதி நேரம் தப்பாகும். பக்கத்தில் சின்னக் கொக்கு (நீளம் 55–65 செ.மீ.) நின்றால் அளவு பார்க்க வசதி.

சின்னக் கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம். சேறு அப்பியிருந்தால் அந்த மஞ்சள் காணாமல் போகும். பறந்து எழும்போது பாருங்கள். குஞ்சுப் பருவம் தாண்டிய இளசுகளுக்கு அலகு வெளிறியிருக்கும், அதுவும் ஏமாற்றும்.

உண்ணிக்கொக்குக்குக் குட்டையான, தடித்த கழுத்து. தாடைக்குக் கீழே இறகு புடைத்து, கன்னம் வீங்கியது போல இருக்கும். மாட்டோடு நிற்கிறதே, உண்ணிக்கொக்குதான் என்று முடிவு கட்டாதீர்கள். சின்னக் கொக்கும் சில நேரம் மாட்டின் பின்னால் போகும்.